அரசாங்க வாடகை வீடு: 9 வருஷம் குடியிருந்தவளோட ரிவியூ

போன் கவருக்குக் கூட நாலு பக்கம் ரிவியூ எழுதுற ஆளுங்க இருக்காங்க. ஆனா வீடில்லாதவங்களுக்குன்னு அரசாங்கம் கட்டிக் குடுக்கற வீட்டுக்கு, அதுல குடியிருந்தவங்க எழுதின ரிவியூ ஒண்ணு தேடிப் பாருங்க, லேசுல கிடைக்காது. கட்டினவங்க எழுதுவாங்க, திட்டுறவங்க எழுதுவாங்க, ரிப்பன் வெட்டினவங்க போட்டோ போடுவாங்க. நாங்க 9 வருஷம் குடியிருந்தோம். அதுக்கப்புறம் எனக்கு இந்த விஷயத்துல ஒரு பைத்தியம் புடிச்சு, மத்த நாடுகள்ல இதே சர்வீஸ் எப்படி ஓடுதுன்னு ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சேன். ரெண்டையும் சேர்த்துதான் இது. எந்த ஊரு எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

ரேட்டிங்கை முதல்லயே போட்டுடறேன். வீடு, 5க்கு 4. அந்த வீட்டுக்குள்ள போறதுக்கான வழி, 5க்கு 1. போனப்புறம் பராமரிப்பு, 5க்கு 2. இத கூட்டி வகுத்து ஒரே நம்பரா போட எனக்கு மனசு வரல, ஏன்னா உள்ள போனவங்க எத்தன ஸ்டார் குடுத்தாலும் க்யூல நிக்கறவங்களுக்கு அது பூஜ்யம்தானே.

முதல்ல க்யூ. இதப் பத்திதான் நிறைய சொல்லணும்.

நாங்க ரோட்டுல படுக்கல, அத சொல்லிடறேன். இருந்த வாடகை வீட்ட காலி பண்ண சொல்லிட்டாங்க, அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க கையில காசு இல்ல, அதனால 8 மாசம் சித்தி வீட்டு ஹால்ல நாலு பேரு. சித்தி ஒரு வார்த்த சொன்னதில்ல, சித்தப்பாதான் காலைல பாத்ரூம் போக வரும்போது எங்க காலை தாண்டித் தாண்டிப் போவாரு, ஒண்ணும் பேச மாட்டாரு, அந்தப் பேசாம இருக்கறதுதான் அம்மாவுக்குத் தாங்கல. அப்பத்தான் அரசாங்க வீட்டுக்கு அப்ளை பண்ணோம். ஃபார்ம்ல மூணாவது கேள்வியே 'நிரந்தர முகவரி'. வீடு இல்லன்னு கேக்க வந்தவங்ககிட்ட வீட்டு முகவரி என்னன்னு கேக்கற ஃபார்ம்! அம்மா யோசிச்சு யோசிச்சு சித்தி வீட்டு அட்ரஸ எழுதினாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வெரிஃபிகேஷனுக்கு வந்தவரு ஹாலைச் சுத்திப் பாத்துட்டு, "அதான் வீடு இருக்கேம்மா, ஃபேன் எல்லாம் ஓடுதே" அப்படின்னுட்டு ஃபைல்ல ஏதோ எழுதிட்டுப் போயிட்டாரு. லிஸ்ட்ல பின்னாடி போயிட்டோம். மறுபடி மனு, மறுபடி டோக்கன், மறுபடி அதே பெஞ்ச்.

பின்னாடி படிக்கும்போது ஃபின்லாந்து பத்தி ஒண்ணு தெரிஞ்சுது, அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் கோவமே வந்துச்சு. அங்க வருஷா வருஷம் வீடில்லாதவங்களைக் கணக்கெடுக்கும்போது, போக்கிடம் இல்லாம சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் வீட்டுல தற்காலிகமா ஒட்டிக்கிட்டு இருக்கறவங்களையும் வீடில்லாதவங்கன்னுதான் எழுதுறாங்க. அங்க கணக்குல வர்றவங்கள்ல பாதிக்கு மேல இப்படிப்பட்டவங்கதான், ரோட்டுல படுக்கறவங்க கொஞ்சம் பேருதான். அதாவது அந்தக் கணக்குப்படி நாங்க வீடில்லாதவங்க. எங்க ஃபைல் படி, ஃபேன் ஓடற வீட்டுல குடியிருக்கறவங்க.

சரி நம்ம ஆபீஸ்தான் மோசம், மத்த நாட்டுல எல்லாம் சூப்பர்னு நினைச்சுக்காதீங்க. இந்த சர்வீஸ்ல உலகத்துலயே பெரிய பேரு ஆஸ்திரியா தலைநகர் வியன்னாவுக்கு. 1923ல வீட்டு வரின்னு ஒண்ணு போட்டு, பெரிய வீட்டுக்காரங்ககிட்ட அதிகமா வாங்கி, 1934க்குள்ள 60 ஆயிரத்துக்கும் மேல வீடு கட்டுனாங்க. கார்ல்-மார்க்ஸ்-ஹோஃப்னு ஒரு கட்டடம், 1930ல திறந்தது, ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், 1,382 வீடு, இன்னிக்கும் ஆளுங்க குடியிருக்காங்க. இப்ப அந்த நகராட்சிகிட்ட சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் வீடு இருக்கு. வருமான வரம்பும் ரொம்ப மேல வச்சிருக்காங்க, அதனால டீச்சரும் இருப்பாரு பஸ் டிரைவரும் இருப்பாரு, 'ஏழைங்க பிளாக்'னு யாரும் கை காட்ட முடியாது. இதுவரைக்கும் 5க்கு 5. ஆனா நான் படிச்சப்ப இருந்த விதிப்படி, சாதாரண வழியில அப்ளை பண்ணணும்னா வியன்னாவுல, அதுவும் இப்ப இருக்கற அதே முகவரியில, ரெண்டு வருஷம் தொடர்ந்து பதிவு பண்ணி குடியிருந்திருக்கணும். ரெண்டு வருஷம் ஒரே அட்ரஸ்! சித்தி வீடு, அப்புறம் ஃப்ரெண்டு வீடு, அப்புறம் வேற எங்கயோன்னு மாறிக்கிட்டே இருக்கறவன் எங்க போவான்? அவங்களுக்குன்னு சமூக சேவை மூலமா தனி வழி ஒண்ணு இருக்கு, இல்லேன்னு சொல்லல, ஆனா முன்வாசல் அவங்களுக்கு இல்ல.

இங்கிலாந்து கதை இன்னும் தமாஷு. 1977ல சட்டமே போட்டாங்க, வீடில்லாம வந்து நிக்கறவங்களுக்கு தங்க வைக்க வேண்டியது உள்ளாட்சியோட கடமைன்னு. எவ்வளவு நாட்டுல இப்படி சட்டம் இருக்கு சொல்லுங்க, நல்ல விஷயம்தான். ஆனா அதுக்குள்ள மூணு வடிகட்டி. ஒண்ணு, நீ முன்னுரிமைக்காரனா, அதாவது குழந்தை இருக்கா, கர்ப்பமா, வயசானவரா, நோயாளியா. ரெண்டு, நீயே வேணும்னு வீட்ட விட்டியா. மூணு, இந்த ஊருக்கும் உனக்கும் என்ன சம்பந்தம். தனியா இருக்கற, உடம்பு நல்லா இருக்கற ஒரு ஆம்பள இதுல முதல் வடிகட்டிலயே நின்னுடுவான். ஸ்காட்லாந்து மட்டும் 2012 கடைசியில அந்த முன்னுரிமை டெஸ்ட்டையே தூக்கிப் போட்டுச்சு. அதுக்கு ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா.

ஹாங்காங்ல க்யூ நீளம்தான் பிரச்சனை. 1953 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஷெக் கிப் மெய்ங்கற குடிசைப் பகுதியில தீ புடிச்சு ஒரே ராத்திரியில 50 ஆயிரம் பேருக்கு மேல வீடில்லாமப் போச்சு, அதுக்கப்புறம்தான் அரசாங்கமே வீடு கட்ட இறங்குச்சு. முதல்ல கட்டின பிளாக்ல ஒரு பெரியவருக்கு 24 சதுர அடி, குழந்தைக்கு அதுல பாதி, குழாயும் கக்கூஸும் மாடிக்குப் பொது. பாயை விரிச்சா ரூம் முடிஞ்சுது. ஆனா எரிஞ்சவங்களுக்கு வேகமா கிடைச்சுது. இப்ப வீடு எவ்வளவோ நல்லா இருக்கு, காத்திருக்கறதுதான் 2022ல சராசரி 6 வருஷத்தத் தாண்டிச்சு. சொன்ன டார்கெட் 3 வருஷம். தனி ஆளா வயசு கம்மியா இருந்தா அவங்களுக்கு வேற பாயிண்ட் கணக்கு, அது இன்னும் நீளம். அந்த 6 வருஷம் அவங்க எங்க இருப்பாங்கன்னு நினைக்கறீங்க, ஒரு ஃபிளாட்ட நாலா அஞ்சா தடுத்து வாடகைக்கு விட்ட பொந்துலதான்.

சிங்கப்பூர் நம்ம ஆளுங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம், அதனால ஜாக்கிரதையா சொல்றேன், சண்டைக்கு வராதீங்க. எச்டிபிங்கற அரசாங்க வீட்டு வாரியம் 1960ல ஆரம்பிச்சுது, அடுத்த வருஷமே புக்கிட் ஹோ சுவீ தீ விபத்துல சுமார் 16 ஆயிரம் பேரு வீடிழந்தாங்க, ஒரு வருஷத்துக்குள்ள அங்கயே ஃபிளாட் கட்ட ஆரம்பிச்சு ஆளைக் குடியேத்திட்டாங்க. வேகத்துல இவங்கள அடிச்சுக்க ஆளில்ல. இப்ப 10ல 8 பேரு எச்டிபி வீட்டுலதான். ஆனா அதுல பெரும்பாலும், 99 வருஷ குத்தகைக்கு வாங்கின வீடு. வாங்க முடியாத ஆளுக்குத்தான் வாடகை ஃபிளாட், அதுவும் கல்யாணம் ஆகாத தனி ஆளா இருந்தா இன்னொரு தனி ஆளோட சேர்ந்து ஒரே ரூமைப் பங்கு போட்டுக்கணும். முன்னப் பின்னத் தெரியாத ரெண்டு பேரு, ஒரு ரூம், ரொம்ப காலம் நடுவுல தடுப்பு கூட இல்லாம. 2019ல ஆராய்ச்சிக்காரங்க ராத்திரி ராத்திரியா ஊர் முழுக்க நடந்து எண்ணினதுல சுமார் ஆயிரம் பேர் வெளிய படுத்திருந்தாங்க, அதுல சிலருக்கு அவங்க பேர்லயே வாடகை ஃபிளாட் இருந்துச்சு! ரூம்மேட்டோட சண்ட, போக முடியல. அப்புறம் ரூமுக்குத் தடுப்பு, ஆள நிர்வாகமே சேர்த்து விடறதுன்னு மாத்த ஆரம்பிச்சாங்க. இதப் படிச்சப்ப எனக்கு சித்தப்பா ஞாபகம் வந்தாரு. கூரை இருந்துச்சுங்க எங்களுக்கும், கதவுதான் எங்க கதவு இல்ல.

இப்ப வீட்டுக்கு வர்றேன். 4 ஸ்டார் குடுத்தேன்ல, அதுக்கு.

சாவி குடுத்த அன்னிக்கு ஏழாவது மாடி. சுவத்துல இன்னும் சுண்ணாம்பு வாசன, ஜன்னல் ஒண்ணு சரியா மூடல, கிச்சன்ல ரெண்டு பேரு சேர்ந்து நிக்க முடியாது. அம்மா உள்ள போனவுடனே கதவ உள்பக்கமா தாழ் போட்டாங்க, திறந்தாங்க, திரும்ப போட்டாங்க. தாழ் சரியா விழுதான்னு பாக்கறாங்கன்னு நான் நினைச்சேன். தம்பிக்கு முதல் தடவையா ஸ்கூல் நோட்ட ஒரு இடத்துல வச்சா மறுநாள் அங்கயே இருந்துச்சு. அப்பா அட்ரஸ் புரூஃப் கைல வந்த அடுத்த மாசம் வேற வேலைக்கு மாறினாரு, அதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல முகவரிச் சான்று இல்லாமத்தான் வேலை கைய விட்டுப் போச்சு. குடிக்கறதையும் ஒரேயடியா விட்டாருன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா குறைஞ்சுது. வீடு கிடைச்சப்புறம் குறைஞ்சுது, குறைஞ்சதுக்கப்புறம் வீடு கிடைக்கல. இந்த வரிசை முக்கியம், ஏன்னு சொல்றேன்.

பல நாட்டுல வீடில்லாதவங்களுக்கு ஒரு படிக்கட்டு வச்சிருந்தாங்க. முதல்ல நைட் ஷெல்டர்ல ஒழுங்கா இரு, அப்புறம் ஹாஸ்டல், அங்க குடிய விட்டுக் காட்டு, மாத்திரை ஒழுங்கா சாப்பிடு, அப்புறம் ட்ரையல் வீடு, எல்லாத்துலயும் பாஸ் ஆனா கடைசியில உன் பேர்ல வீடு. கேக்க நியாயமாத் தெரியும். ஆனா நாப்பது பேர் இருமுற ஹால்ல ராத்திரி படுத்துட்டு, பை திருடு போகுமோன்னு பாதி முழிச்சுக்கிட்டு, காலைல ஏழு மணிக்கு வெளிய போன்னு துரத்தினா, எவன் குடிய விடுவான்? ஏறிக்கிட்டே இருக்கறப்ப எங்கயாவது வழுக்கினா திரும்ப முதல் படி. 1992ல நியூயார்க்ல சாம் செம்பெரிஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் இந்தப் படிக்கட்டத் தலைகீழாப் போட்டாரு. முதல்ல வீடு, நிபந்தனை இல்லாம, மத்த உதவி எல்லாம் வீட்டுக்குள்ள இருக்கும்போது, அவன் கேட்டா. இதைத்தான் ஹவுசிங் ஃபர்ஸ்ட்னு சொல்றாங்க. கனடாவுல 2009லேர்ந்து 2013 வரைக்கும் அஞ்சு நகரத்துல மனநலப் பிரச்சனை இருக்கற 2 ஆயிரம் பேருக்கு மேல வச்சு, குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சு சோதிச்சுப் பாத்தாங்க. இப்படி முதல்லயே வீடு கிடைச்சவங்க 73 சதவீத நாள் நிலையான வீட்டுல இருந்தாங்க, வழக்கமான உதவி கிடைச்சவங்க 32 சதவீதம். எனக்கு ஆச்சரியமே இல்ல. எங்கப்பாவ வச்சே நான் சொல்லியிருப்பேன்.

ஃபின்லாந்து இத நாடு முழுக்க செஞ்சு பாத்துச்சு. 2008ல அரசாங்கம், நகராட்சிங்க, தொண்டு அமைப்புங்க எல்லாரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டு, ஷெல்டர் கட்டடங்களையே உடைச்சு ஃபிளாட்டா மாத்த ஆரம்பிச்சாங்க. தலைநகர் ஹெல்சிங்கியில சால்வேஷன் ஆர்மிங்கற கிறிஸ்தவ தொண்டு அமைப்பு நடத்தின ஒரு பெரிய விடுதி, 250 பெட், அத தனித்தனி கதவோட 80 சொச்சம் ஃபிளாட்டா மாத்தினாங்க. 1985ல அந்த ஊர்ல 2,121 ஷெல்டர் பெட் இருந்துச்சு, 2016ல வெறும் 52. பெட் குறைஞ்சா ஆளுங்க ரோட்டுக்கு வரணுமே? வரல, எண்பதுகள் கடைசியில நாடு முழுக்க 18 ஆயிரம் பக்கம் இருந்த கணக்கு 2023ல 3,429க்கு இறங்கிச்சு. வாடகை ஒப்பந்தம் அவங்க பேர்ல, வாடகையும் அவங்கதான் கட்டணும், முடியாதவங்களுக்கு அரசு உதவித்தொகை. தானமா குடுக்கறதில்ல, அதான் அதுல எனக்குப் புடிச்சது. செலவும் மிச்சம்தான், ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு சுமார் 15 ஆயிரம் யூரோ ஆஸ்பத்திரி, போலீஸ், எமர்ஜென்சி செலவுல குறையுதுன்னு அங்க கணக்குக் காட்டறாங்க. சும்மா ரோட்டுல விட்டா செலவே இல்லன்னு நினைக்கறவங்க அந்த பில்லையும் பாக்கணும்.

ஆனா அங்கயும் இப்ப தேயுது. 2024ல கணக்கு 3,806ஆ ஏறிச்சு, பல வருஷத்துக்கப்புறம் முதல் தடவையா. அதே வருஷம்தான் வாடகை உதவித்தொகையில கை வச்சாங்க. கட்டினது கட்டினபடியேதான் நிக்குது, ஆளு உள்ள இருக்கறதுக்கான காசுதான் குறைஞ்சுது.

இதுலதான் அந்த பராமரிப்புக்கு 2 ஸ்டார் வருது. எங்க பிளாக்ல லிஃப்ட் மூணாவது வருஷம் நின்னுச்சு. முதல்ல 'ரிப்பேர் நடக்கிறது'ன்னு ஒரு போர்டு, அப்புறம் போர்டு மேல யாரோ படம் வரைஞ்சாங்க, அப்புறம் போர்டையே காணோம். அம்மா முட்டி வலியோட ஏழு மாடி, எட்டாவது மாடிப் பாட்டி கயித்துல பைய இறக்கி சாமான் ஏத்துவாங்க, கீழ இருந்து போறவன் வர்றவன் பையில போட்டு விடுவான். அந்தப் பாட்டி கடைசி ஒன்றரை வருஷம் கீழ இறங்கவே இல்ல. ஆபீஸ்ல கேட்டா கட்டறதுக்கு ஒரு நிதி, பராமரிப்புக்கு வேற நிதி, அது நீங்க கட்டற வாடகையிலேர்ந்துதான் வரணும், நீங்க பாதி பேர் கட்டறதில்லன்னு பதில். லிஃப்ட் ஓடாத வீட்டுக்கு ஏன் கட்டணும்னு கட்டாதவங்க பதில். ரெண்டும் உண்மைதான், லிஃப்ட் மட்டும் ஓடல.

இதே கதைய அமெரிக்காவுல பெருசா பாத்தாங்க. செயின்ட் லூயிஸ்ல ப்ரூயிட்-ஐகோன்னு 33 கட்டடம், ஒவ்வொண்ணும் 11 மாடி, 2,870 ஃபிளாட், 1956ல முடிச்சாங்க. லிஃப்ட் செலவ மிச்சம் பண்றதுக்கு தரைமாடி, 4, 7, 10னு சில மாடியில மட்டும்தான் நிக்கும், மிச்சத்துக்குப் படியேறி எறங்கு. கட்டறதுக்கு மத்திய அரசு பணம் குடுத்துச்சு, ஓட்டறதுக்கு வாடகையை நம்பணும். ஊர்ல வேலை போச்சு, ஜனமும் வெளிய போச்சு, வீடு காலியாச்சு, வாடகை குறைஞ்சுது, குழாய் உடைஞ்சா மாத்த ஆளில்ல. வாடகைய ஏத்தி ஏத்தி 1969ல குடியிருந்தவங்க வாடகை தரமாட்டோம்னு ஸ்ட்ரைக்கே பண்ணாங்க. 1972ல வெடி வச்சுத் தகர்க்க ஆரம்பிச்சாங்க. அந்த வீடியோ உலகம் பூரா ஓடிச்சு, பாத்தியா அரசாங்க வீடுன்னாலே இப்படித்தான்னு ஆளாளுக்குப் பேசினாங்க, கட்டடத்த டிசைன் பண்ணவரையே குத்தவாளி மாதிரி பேசினாங்க. கிட்டத்தட்ட நூறு வருஷமா நிக்கற கார்ல்-மார்க்ஸ்-ஹோஃபும் அரசாங்க வீடுதானே, அத ஏன் யாரும் காட்டல? அங்க ஜன்னல் உடைஞ்சா மாத்தறாங்க.

இன்னொரு மைனஸ், விக்கறது. குடியிருக்கறவங்களுக்கே வீட்ட சல்லிசா வித்துடறது. இங்கிலாந்துல 1980ல ஆரம்பிச்சு அங்க மட்டும் கிட்டத்தட்ட 20 லட்சம் வீட்ட இப்படி வித்தாங்க. வாங்கினவங்கள நான் குத்தம் சொல்லவே மாட்டேன், எங்களுக்கு அந்த ஆஃபர் வந்திருந்தா அம்மா வளையல வித்தாவது வாங்கியிருப்பாங்க. ஆனா வித்த வீட்டுக்கு பதிலா அதே அளவுக்குத் திரும்பக் கட்டல. இப்ப அங்க ஒரு லட்சத்துக்கும் மேல குடும்பங்க தற்காலிக இடத்துல, அதுல நிறைய பேர் ஹோட்டல் ரூம் மாதிரி இடத்துல பிள்ளைங்களோட. ஒரு தடவ ஒரு குடும்பத்துக்கு லாபம், அந்த வீட்டுக்கு அடுத்து வர வேண்டிய குடும்பத்துக்கு கதவு மூடியாச்சு. நாங்க காலி பண்ணிட்டு வரும்போது சாவிய திருப்பிக் குடுத்தோம். அடுத்த மாசமே அங்க ஒரு அம்மாவும் ரெண்டு பொண்ணுங்களும் வந்தாங்கன்னு எட்டாவது மாடிப் பாட்டியோட மருமக போன்ல சொன்னாங்க.

தூரத்தப் பத்தி ஒரு வரி. எங்க பிளாக் ஊருக்கு வெளிய, ரெண்டு பஸ் மாறணும், அப்பா வேலைக்குப் போக வர மூணு மணி நேரம். நிலம் அங்கதான் சல்லிசுன்னு கட்டறாங்க, மிச்சம் புடிச்ச காச நாங்க பஸ்ல கட்டினோம்.

இப்ப யாராவது அப்ளை பண்ண போறீங்கன்னா, நான் பட்டதுல உருப்படியா சொல்ல இருக்கறது இவ்வளவுதான். சொந்தக்காரங்க வீட்டுல தங்கியிருந்தா ஃபார்ம்ல முகவரிக்குப் பக்கத்துலயே 'தற்காலிகம், எந்தத் தேதியிலேர்ந்து, எத்தன பேர், எந்த ரூம்'னு எழுதுங்க, இடம் இல்லன்னா தனிப் பேப்பர்ல எழுதி சேர்த்துப் பின் பண்ணுங்க. வீட்டுக்காரங்ககிட்ட 'இவங்கள நிரந்தரமா வச்சுக்க முடியாது'ன்னு கையெழுத்தோட ஒரு லெட்டர் வாங்குங்க, கேக்க சங்கடமாத்தான் இருக்கும், சித்திகிட்ட அம்மா அதக் கேக்கறதுக்கு ஒரு வாரம் ஆச்சு, சித்தி அழுதுக்கிட்டேதான் எழுதிக் குடுத்தாங்க. ரெண்டாவது மனுவோட அந்த லெட்டரும் போனப்புறம்தான் ஃபைல் நகர ஆரம்பிச்சுது. மனு குடுத்த அன்னிக்கு சீல் போட்ட நகல் வாங்காம கவுண்டர விட்டு நகராதீங்க. அலாட்மென்ட் வந்தா, மாடி நம்பரப் பாத்துட்டு, லிஃப்ட்டுக்கு யாரு பொறுப்பு, யாருக்கு போன் பண்ணணும்னு சாவி வாங்கும்போதே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. நாங்க கேக்கல.